சீர்த்தட்டில் வந்த பொடி

"மூணு வாட்டி கேட்டேன் சாலக்கா, மூணு வாட்டி..."

"மருந்து திங்கிறியான்னு கேட்ட, நானும்..."

"நாட்டு மருந்து, கஷாயம், லேகியம், பொடின்னு ஒண்ணொண்ணா பேர் சொல்லிக் கேட்டேன். நீங்க இல்லன்னு சொல்லி..."

"இல்லன்னுதான் சொன்னேன். இப்பவும் அதான் சொல்றேன். இல்ல!"

"அப்ப இந்த டப்பாவுல இருக்கறது இன்னா?"

"அத்த மொதல்ல கீழ வையி. கண்டவங்களும் தொடற பொருளில்ல அது. எந்தம்பி சீரு!"

செந்தமிழ்ச்செல்வி டப்பாவைக் கீழே வைக்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். சுக்கு வாடை மூக்கில் ஏறி ஒரு தும்மல் போட்டாள். சாலம்மாள் கையில் மோர் லோட்டா. அதில் ஒரு ஸ்பூன் பொடி அப்போதுதான் கரைந்துகொண்டிருந்தது.

வடக்கனந்தலில், காலை ஏழு மணிக்கு, சாலம்மாள் வீட்டு அடுப்படியில் நடந்த சண்டை இது. செந்தமிழ்ச்செல்வி களமருதூர்க்காரி, நர்சு. ரத்தக் கொதிப்பு ஆராய்ச்சிக்கென்று சென்னையிலிருந்து வந்து கள்ளக்குறிச்சியில் இடம் பிடித்திருந்த டாக்டர்களிடம் வேலை. எத்தனை மாத்திரை போட்டும் கொதிப்பு இறங்காத ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கி, அவர்கள் உடம்பில் எந்தச் சுரப்பு கூடிப் போயிருக்கிறது, எது குறைந்து போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த ஆராய்ச்சி. அப்படிச் சேர்ந்தவர்களில் சாலம்மாளைப்போல அவர்களைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தவர் வேறு யாருமில்லை. வயது நாற்பத்தெட்டு. மூன்று வகை மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறாது. உப்பைக் குறை என்றால் குழம்பு பச்சைத் தண்ணீராக ஆகும்வரைக்கும் குறைத்தவள். அப்படியும் கொதிப்பு நூற்றெண்பதிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

கடைசியில் ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைப் பிடித்துக் கொடுக்கும்படி ஐந்து லிட்டர் கேன் ஒன்றைத் தந்தார்கள். "ரேசன் கடையில மண்ணெண்ண வாங்கற கேனுக்குப் பக்கத்துல வெச்சிடாத தாயே" என்றான் புருஷன் நாராயணசாமி. அவன் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறவன், வாய் சும்மா இருக்காது. சாலம்மாள் கேனைத் துணிப்பையில் போட்டு மறைத்து, களையெடுக்கப் போன இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போய், ஒரு சொட்டு சிந்தாமல் பிடித்து வைத்தாள். சொன்னால் சொன்னபடி செய்கிறவள். அந்தக் கேனை எடுத்துப்போக வந்தபோதுதான் செந்தமிழ்ச்செல்வி இந்தப் பொடியைப் பார்த்துவிட்டாள்.

"சீருன்னா இன்னாக்கா? பொடவ, மஞ்சக்கொத்து, வெல்லம். பொடியெல்லாம் யாரு சீரு குடுப்பாங்க?"

"எந்தம்பி குடுப்பான். ஒனுக்கு இன்னாடி தெரியும் கூடப்பொறந்தவன் அருமை?"

மூன்று வருஷத்துக்கு முந்தைய பொங்கல் அது. சாலம்மாளுக்கு இரண்டு முட்டியும் வீங்கி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல், எழுந்தால் உட்கார முடியாமல் கிடந்த நேரம். தம்பி கொளஞ்சியப்பன் மலையிலிருந்து சீர் கொண்டுவந்தான். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் தேனும் கடுக்காயும் சாமையும் விற்கிற கடை அவனுக்கு. வெற்றிலை பாக்கு, மஞ்சள், கரும்பு, புடவை எல்லாம் வைத்த தாம்பாளத்தின் நடுவில் இந்த எவர்சில்வர் டப்பாவையும் வைத்து அக்கா கையில் கொடுத்தான். "மலைவேரு, அக்கா. காலையில ஒரு ஸ்பூனு. நீ ஓடுவ பாரு" என்றான். நான்காம் நாள் சாலம்மாள் ஓடத்தான் செய்தாள். ஓடிப்போய்த் தெரு முழுக்கச் சொன்னாள். அதற்கப்புறம் மாசம் பிறந்தால் டப்பா வந்துவிடும், மூடிமேல் ஒரு வெற்றிலையும் ஒரு மஞ்சள் துண்டும் வைத்து. தெருவில் மற்றவர்கள் அதே பொடியைப் பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்கினார்கள். டப்பா சாலம்மாளுக்கு மட்டும்.

அதைப் போய் மருந்து என்று எந்த வாயால் சொல்வாள்? சீர் என்பது பிறந்த வீடு கதவைச் சாத்திவிடவில்லை என்பதற்குச் சாட்சி. ஆஸ்பத்திரி நோட்டில் மாத்திரைகளோடு மாத்திரையாக அதை எழுதவைத்தால் பிறந்த வீட்டுக்குக் கண் பட்டுப் போகாதா?

"ஒரு ஸ்பூன் எடுத்துக்கறேன்" என்றாள் செந்தமிழ்ச்செல்வி. "டாக்டர்கிட்ட காட்டணும்."

"எதுக்கு?"

"சும்மா, சோதிச்சிப் பாக்கத்தான்."

"சீரை எடுத்துக்கினு போய் சோதிப்பியா நீ? ஒங்க களமருதூர்ல அதான் பழக்கமா? அண்ணன் பொடவ எடுத்துக் குடுத்தா கட மொதலாளிகிட்ட எடுத்துக்கினுபோய் வெல கேப்பீங்களா?"

"சாலக்கா, ஒங்க கையப் பாருங்க."

முழங்கைக்குக் கீழே கருநீலமாக ஒரு திட்டு. அதற்கும் கீழே இன்னொன்று. எங்கே இடித்தது என்று சாலம்மாளுக்கே தெரியாது. இப்போதெல்லாம் வளையல் உரசினால்கூட ரத்தம் கட்டிக்கொள்கிறது.

"வயசானா அப்டித்தான்."

"நாப்பத்தெட்டு ஒரு வயசாக்கா?"

சாலம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. தானே ஸ்பூனை எடுத்து, காகிதத்தில் இரண்டு ஸ்பூன் பொடியைக் கொட்டி மடித்து நர்சின் கையில் திணித்தாள். "கொண்டுக்கினு போ! கொண்டுபோய் ஒலகத்துக்கே காட்டு. எந்தம்பி பேரு தங்கமா வரும். வந்து எங்கிட்ட மன்னிப்பு கேக்கற நாளிக்கி ஒனுக்கு மோர் தரமாட்டேன்."

அன்று மத்தியானம் தெருக்குழாயடியில்கூட அதே பேச்சுதான். "சாலம்மா மூஞ்சியப் பாரு, பௌர்ணமி நெலாவாட்டம் இல்ல? பொறந்த வூட்டு சீரு கன்னத்துலேயே தெரியுது" என்றாள் ஒருத்தி. சாலம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் கள்ளக்குறிச்சியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் சிவசங்கர் சின்ன வயதுக்காரர். எதிரில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பேசுகிற டாக்டர் என்பதால் சாலம்மாளுக்கு அவரைப் பிடிக்கும். அன்றைக்கு அவர் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மூணு வருசத்துக்கு முன்ன எடுத்த போட்டோ ஏதாவது இருக்குதாம்மா?"

ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"கொஞ்சம் உடம்பு வெச்சிட்டங்க" என்றாள்.

"கை கால் வெக்கலயேம்மா. மொகமும் வயிறும் மட்டும்தான வெச்சிருக்கு?"

யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். கால்கள் குச்சியாகிப் போயிருந்தன.

"கிட்னி ரெண்டுக்கும் மேல தொப்பி வெச்ச மாதிரி ரெண்டு சின்ன சுரப்பி இருக்கும்மா. நம்ம ரத்தக் கொதிப்பப் பிடிச்சி வெக்கறதுல அதுங்களுக்குப் பெரிய பங்கு. காலைல நாம எழுந்திரிக்கறப்ப அதுங்க ஒரு ஹார்மோன நல்லா சுரந்து விடணும். உங்களுக்குக் காலைல எடுத்த ரத்தத்துல அது இல்லவே இல்லன்ற அளவுக்கு இருக்கு. ஆனா உடம்பப் பாத்தா அது ஜாஸ்தியா இருக்கறவங்க உடம்பு. ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? எங்களுக்கே ரெண்டு மாசமா புரியல."

"இப்ப புரிஞ்சிதுங்களா?"

"அதே வேலய செய்யற மருந்து வெளியிலேர்ந்து உள்ள போகுது. ஸ்டீராய்டுன்னு சொல்வோம். அது வரதால சுரப்பி தூங்கிடுச்சி. வலி சட்டுன்னு போகும். ஆனா கொதிப்பு ஏறும், சர்க்கர ஏறும், எலும்பு கரையும், தோல் கிழியும். சிலபேர் இத்த மாத்திரையா வாங்கி அரைச்சி நாட்டு மருந்துல கலந்துடறாங்க."

சாலம்மாள் எழுந்துகொண்டாள். மேசையின் விளிம்பைப் பிடித்துத்தான் எழ முடிந்தது.

"எந்தம்பி அப்டிப்பட்டவன் இல்லீங்க."

"நான் உங்க தம்பியச் சொல்லல. பொடிய சென்னைக்கு அனுப்பியிருக்கோம். முடிவு வர பத்து நாளாகும். ஆனா அதுவரைக்கும் நீங்க..."

"நிறுத்திடணும். அதான சொல்லப்போறீங்க?"

"நிறுத்தவே கூடாது."

அவள் முழித்தாள். "வெசம்ன்றீங்க. நிறுத்தாதன்றீங்க. டாக்டரு கூட எங்க வூட்டுக்காரராட்டம் பேசறீங்களே."

செந்தமிழ்ச்செல்விதான் குறுக்கே வந்தாள். "சாலக்கா, ஒங்க கரும்புக்கு மூணு வருசமா வாய்க்கா தண்ணி பாஞ்சிக்கினே இருக்குதுன்னு வெச்சுக்குங்க. கெணத்து மோட்டார யாராவது போடுவாங்களா? துருப்புடிச்சி நின்னுடும். இப்ப ஒரே நாள்ல வாய்க்கால அடச்சிட்டா இன்னா ஆவும்? அந்தத் தண்ணியும் இல்ல, மோட்டாரும் ஓடாது."

"கரும்பு காஞ்சிடும்."

"அவ்ளோதான். மயக்கம் வரும், வாந்தி வரும், பிரஷர் ஒரேயடியா விழும். உயிருக்கே ஆபத்து. மடமடன்னு நிறுத்தாம, கொஞ்சங்கொஞ்சமா கொறச்சிக்கினு வந்து மோட்டார ஓட வெக்கணும். எங்கேர்ந்து கொறைக்க ஆரம்பிக்கறதுன்னு தெரியணும்னா, எந்த மாத்திர, ஒரு நாளைக்கு எவ்ளோ போயிருக்குன்னு தெரியணும். தம்பியக் கேளுங்க. அவரு சொல்லிட்டா நமக்குப் பத்து நாள் மிச்சம்."

இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுங்கள் என்றார் டாக்டர். சாலம்மாள் ஒப்பவில்லை. நாளைக்கு மலைக்குப் போய் வந்து சாயங்காலம் சேர்ந்துவிடுவதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். டப்பாவில் இன்னும் மூன்று நாளைக்குத்தான் பொடி இருந்தது. இந்த மாசத்து டப்பா ஏனோ இன்னும் வரவில்லை.

"ஆனா ஒண்ணுங்க டாக்டர்" என்றாள் வாசலில் நின்று. "அவன் கலக்கலன்னு தெரிஞ்சா, இந்தப் பொண்ணு எங்க வூட்டுக்கு வந்து அவன் பேரச் சொல்லி மன்னிப்பு கேக்கணும்."

"கேக்கறேங்க்கா" என்றாள் செந்தமிழ்ச்செல்வி. சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நின்றபோது பாப்பாத்தி பிடித்துக்கொண்டாள். பக்கத்துத் தெருக்காரி. சாலம்மாள் சொல்லித்தான் அவளும் பொடி வாங்கினாள்.

"தம்பி வூட்டுக்கா? எனுக்கு ரெண்டு பாக்கெட்டு வாங்கியா. எங்க மாமியாருக்கும் ஆரம்பிச்சிட்டேன்."

சாலம்மாள் பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். "இருந்தா பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

"இருந்தான்னா? ஒனுக்கு இல்லாத பொடியா? ஒன்னப் பாத்துத்தானம்மா நாங்கல்லாம் வாங்கறோம்."

பஸ் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் போய், மலை ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் சாலம்மாள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டாக்டரிடம் சொல்லவேண்டிய பதிலை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். நான் கேட்டுட்டேனுங்க, எந்தம்பி தெய்வத்துமேல சத்தியம் பண்ணிட்டான். வேற எவனோ கடைக்காரன் சுக்குலியே கலந்து வித்திருக்கான். கலி காலம் இல்லீங்களா? பாவம், இவனுக்கே தெரியாது.

வெள்ளிமலையில் இறங்கியபோது மேகம் கடைத்தெருவுக்கே இறங்கி வந்திருந்தது. கொளஞ்சியப்பன் அக்காவைப் பார்த்ததும் கடையிலிருந்து குதித்து ஓடி வந்தான். நாற்பது வயதிலும் அக்காவைப் பார்த்தால் அவனுக்கு அந்த ஓட்டம் வந்துவிடும்.

"இன்னாக்கா சொல்லாம கொள்ளாம? போன் பண்ணியிருந்தா பஸ்ஸாண்டயே வந்து நின்னிருப்பேன்ல?"

"பொறந்த வூட்டுக்கு வரதுக்கு போன் பண்ணிட்டா வருவாங்க?"

"அதுவும் செரிதான். ராதிகா! யாரு வந்திருக்காங்க பாரு! கோழி அடி!"

ராதிகா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். "வாங்க அண்ணி" என்றவள் உட்காரும்போது, "ஐயோ அப்பா" என்று ஒரு முனகல் போட்டாள். வலது முட்டியில் துணிப்பட்டை இறுக்கிக் கட்டியிருந்தது.

சாலம்மாள் தண்ணீர் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெல்லத்தில் சுற்றிப் பேசத் தெரியாதவள்.

"கொளஞ்சி, அந்த ஆராய்ச்சிக்காரங்க ஒரு கத கட்றாங்கடா. ஒம் பொடியில இங்கிலீசு மாத்திர கலந்திருக்காம்."

அவன் தேன் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கிற கை ஒரு கணம் நின்று, மறுபடி துடைத்தது. "அவனுங்க அப்டித்தான் சொல்லுவானுங்க. மலை மருந்த ஒழிச்சாத்தான அவனுங்க மாத்திர விக்கும்?"

"அதத்தான் நானும் சொன்னேன். செமத்தியா சண்ட போட்டுட்டு வந்திருக்கேன். நீ இன்னா இன்னா போடறேன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடு. டாக்டரு மேசையில வீசிட்டு வரேன்."

"அவ்ளோதான? இப்பவே எழுதறேன்."

எழுதினான். சுக்கு, மிளகு, கடுக்காய், முடக்கத்தான், வாதநாராயணன் இலை. அடியில், மலைவேர் இரண்டு என்று போட்டு, "வேரு பேரு மட்டும் கேக்காத. குரு சொத்து" என்றான். சாலம்மாள் சீட்டை வாங்கி நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்தாள். நெஞ்சில் நேற்றிலிருந்து உட்கார்ந்திருந்த அம்மிக்கல் இறங்கிப் போனது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அந்தக் களமருதூர்க்காரி வந்து நிற்கட்டும், மோர் என்ன, காப்பியே போட்டுக் கொடுக்கலாம், பாவம், சின்னப்பெண்.

சாப்பாடு முடிந்தது. கோழிக்குழம்பு வாசனை கையில் இருக்கும்போதே ராதிகா எச்சில் தட்டுகளை எடுக்கக் குனிந்து, "அம்மாடி" என்று பாதியில் நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா இது, இந்த வயசுல?"

"ஆறு மாசமா இப்டித்தாங்கண்ணி. கள்ளக்குறிச்சி டாக்டருகிட்ட காட்டித் தைலம் தடவிக்கினு இருக்கேன். பட்டை கட்டச் சொல்லியிருக்காங்க."

"நல்லாருக்குடி கத! நெய்க்கொடத்துல ஒக்காந்துக்கினு தலைக்கு எண்ணெ இல்லன்னாளாம். புருசன் கையில இத்தினி நல்ல பொடிய வெச்சிக்கினு ஒனுக்குத் தைலமா? இரு."

சாலம்மாள் பையிலிருந்து தன் டப்பாவை எடுத்தாள். எங்கே போனாலும் கூடவே எடுத்துப்போவாள். லோட்டாவில் மோர் ஊற்றி ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினாள். ராதிகாவின் கையில் கொடுத்தாள். "குடி. எம் பங்குலேர்ந்து தரேன். நாலாம் நாளு நீ ஓடுவ பாரு."

ராதிகா லோட்டாவை உதட்டுக்குக் கொண்டுபோனாள். கடை வாசலில் எவருக்கோ சாமை அளந்துகொண்டிருந்த கொளஞ்சியப்பன் திரும்பிப் பார்த்தான். படியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து லோட்டாவைத் தட்டிவிட்டான். மோர் சுவரெல்லாம் தெறித்தது.

"அவளுக்கு வேணாம்!"

சாமை வாங்க வந்தவர் ஒன்றும் புரியாமல் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். லோட்டா உருண்டு போய்க் கதவில் முட்டி நின்றது.

"ஏண்டா?" என்றாள் சாலம்மாள்.

"அவ உடம்புக்கு ஒத்துக்காதுக்கா."

"சுக்கும் கடுக்காயும் எவளுக்குடா ஒத்துக்காது?"

"அவளுக்கு... சூட்டு உடம்பு."

"நானே ரெண்டு வாட்டி கேட்டிருக்கேங்கண்ணி" என்றாள் ராதிகா, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஊருக்கெல்லாம் குடுக்கறீங்களே, எனுக்கும் ஒரு ஸ்பூன் குடுங்கன்னு. அப்பவும் சூடுன்னுதான் சொன்னாரு."

சாலம்மாள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து லோட்டாவை எடுத்தான். தரையைத் துடைக்கத் துணி தேடினான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் இப்படித்தான் சட்டென்று வேலை செய்ய ஆரம்பித்துவிடுவான். அந்த முதுகைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. சென்னையிலிருந்து இனி எந்த முடிவும் வரவேண்டியதில்லை.

"கொளஞ்சி. எழுந்திரு. எம் மூஞ்சியப் பாரு."

அவன் பார்க்கவில்லை.

"பாருடா. ஊர்ல இந்த மூஞ்சிய நெலாவாட்டம் இருக்குதுன்றாங்க. எந்தம்பி சீரு கன்னத்துல தெரியுதுன்னு நானும் தலைய நிமித்திக்கினு நடந்தேன். இது வீக்கமாமேடா?"

"எல்லாருந்தான் கலக்கறாங்க" என்றான் தரையைப் பார்த்து. "வெறும் சுக்குப் பொடிய எவன் வாங்குவான்? வந்தா அன்னிக்கே வலி போவணும்ன்றாங்க. பாக்கெட்டுல நான் கம்மியாத்தான் போடுவேன்."

"பாக்கெட்டுல கம்மி. டப்பாவுல?"

அவன் லோட்டாவைத் துடைக்க ஆரம்பித்தான்.

"வாயில இன்னாடா கொழுக்கட்டையா? என் டப்பாவுல?"

"நீ வலியில அழுதியேன்னுதான், ஒனுக்குத் தனியா அரைச்சேன். பாசத்துலதாங்க்கா."

"நான் அழுதது மூணு வருசத்துக்கு முன்ன. அப்பறம் ஏண்டா மாசா மாசம் அனுப்பின?"

ராதிகா மெதுவாக எழுந்து நின்றாள். இந்தத் தடவை முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகவில்லை. "நீங்க சொல்லுவீங்களே" என்றாள் புருஷனைப் பார்த்து. "எங்கக்கா தெருவுல ஓடியாடி நடந்தாலே போதும், அதான் நம்ம கடைக்கு போர்டுன்னு. நான் பெருமையில சொல்றீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

சாலம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெற்றிலையும் மஞ்சளும் வைத்து வந்த முப்பது முப்பத்தைந்து டப்பாக்கள் கண் முன்னால் வரிசையாக நின்றன. குழாயடியில், களத்துமேட்டில், கோயில் வாசலில், எத்தனை பேரிடம், "எந்தம்பி குடுக்கறது" என்று சொல்லியிருப்பாள்! பாப்பாத்தி மாமியாருக்கு வயது எழுபத்தாறு. அந்தக் கிழவியின் தொண்டைக்குள்ளும் இது இறங்கிக்கொண்டிருக்கிறது, இவள் வாக்கை நம்பி.

"இந்த மாசம் டப்பா ஏன் வரல?"

"சோதனைக்கி ஆளு வரப்போறாங்கன்னு சேதி வந்திச்சி. இருந்தத எல்லாம் போன வாரமே ஓடையில கொட்டிட்டேன். மாத்திர டப்பா, அட்ட, எல்லாத்தையும். இனிமே இந்த வேலையே வேணாம்க்கா, விட்டுட்டேன்."

"நீ விட்டுட்ட. எனுக்கு ஒரு வார்த்த சொன்னியா? பட்டுன்னு நிறுத்தினா உயிரு போயிடும்ன்றாங்களே, தெரியுமா ஒனுக்கு?"

அவன் முகம் வெளுத்தது. தெரியாது என்பது அந்த முகத்திலேயே இருந்தது. தெரியாமல் செய்தான் என்பதில் கொஞ்சமாவது ஆறுதல் இருக்கிறதா என்று சாலம்மாள் தேடிப் பார்த்தாள். இல்லை. பெண்டாட்டிக்குக் கூடாது என்கிற அளவுக்குத் தெரிந்திருக்கிறதே.

பையில் போன் அடித்தது. செந்தமிழ்ச்செல்வி. சாலம்மாளுக்கு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசத் தெரியும்.

"சாலக்கா, காலைல பொடி போட்டீங்களா? தலை சுத்தல் ஏதாவது இருக்குதா?"

"போட்டேன் கண்ணு. இல்ல."

"தம்பியப் பாத்தீங்களா? இன்னா சொன்னாரு?"

கொளஞ்சியப்பன் இரண்டு கையையும் கூப்பினான். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சாலம்மாள் அந்தக் கைகளையே பார்த்தாள்.

"பேசிக்கினு இருக்கேன். அஞ்சு நிமிசத்துல நானே கூப்படறேன்."

"மாத்திர பேரு, ஒரு ஸ்பூனுக்கு எத்தினி வரும்னு, அந்த ரெண்டு மட்டும் கேட்டுடுங்கக்கா. டாக்டர் இங்கியேதான் இருக்காரு."

போன் நின்றது. கொளஞ்சியப்பன் அக்காவின் காலருகே உட்கார்ந்தான்.

"அக்கா. ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. நீயா மெடிக்கல்ல மாத்திர வாங்கித் தின்னேன்னு சொல்லிடேன். முட்டி வலி தாங்காம வாங்கிட்டேன்னு சொன்னா நம்பிடுவாங்க. பொடிய நான் குடுக்கவே இல்லன்னு..."

"பொடி சென்னைக்குப் போயிருக்குதுடா."

"அதுல நீயே கலந்துக்கினேன்னு சொல்லு. ஒன்ன யாரு இன்னா பண்ணப்போறாங்க? நான்னா புடிச்சி உள்ள வெச்சிடுவாங்க. பொறந்த வூடுன்னு ஒனுக்கு அப்பறம் யாரு இருக்கா?"

"த்தூ" என்றாள் ராதிகா. அது யாரைப் பார்த்து என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுக் கீழே இறங்கிப் போயிற்று. சாலம்மாள் சுருக்குப்பையைத் திறந்து, நான்காக மடித்த சீட்டை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"செரி" என்றாள். "எம் மட்டுக்கும் டாக்டருகிட்ட நானே தின்னேன்னே சொல்றேன். பாப்பாத்தி வூட்டுக்கும் மத்தவங்களுக்கும் நான் உண்மையத்தான் சொல்லுவேன், அதுல எங்கையப் புடிக்காத. இப்ப எனுக்குப் பேரச் சொல்லு. இன்னா மாத்திர?"

"டெக்சா" என்றான் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவன் மாதிரி. "சின்னதா, வெள்ளையா இருக்கும். மொத்தமா டப்பாவுல வரும்."

"டெக்சா." அவள் மறந்துவிடாமலிருக்க இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். "எங்க வெச்சி அரைப்ப?"

"மிக்சியிலதான். பொடியோட சேத்து."

"என் டப்பாவுக்கு எத்தினி மாத்திர?"

கொளஞ்சியப்பனின் பார்வை தன்னுடைய வலது உள்ளங்கைக்குப் போயிற்று. கை லேசாகக் குவிந்து, எதையோ அள்ளுவதுபோல நின்றது. ராதிகா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள்.

போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. சாலம்மாள் அதை எடுக்கவில்லை. தம்பியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, குழந்தையிடம் கேட்கிறமாதிரி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அளந்துதான போட்ட, கொளஞ்சி?"